எந்த ரைட்டு?

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சாத்துக்குடிப் பையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எப்டிப்பா ஆச்சு?" நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் நான் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே போகிறேன். இப்படியே விட்டால் அடுத்த பொங்கலுக்குள் என்மேல் ஒரு தப்பும் இருக்காது. அதனால் நடந்தது நடந்தபடி ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன். என்னைப் போல வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உபயோகப்படும்.

நான் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. முதலில் பெருங்குடிப் பக்கம் ஒரு கோடவுனில் ஓட்டினேன். அங்கே தரை மொழுமொழுவென்று சிமெண்ட். தூங்கிக்கொண்டே ஓட்டலாம். பிறகு மந்தைவெளி அருகே பூமிக்கடியில் ரயில் நிலையம் கட்டுகிற வேலைக்கு வந்தேன். இங்கே பெரிய டயர் போட்ட வண்டி, வெட்டவெளி, மண். நேற்றைக்குத் தரையாக இருந்த இடம் இன்றைக்குப் பள்ளம், நாளைக்கு அதையே மூடி மறுபடி தரை. மழை பெய்தால் எது தரை, எது மூடின பள்ளம் என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி இடத்தில் ஆபரேட்டருக்குக் கீழே நின்று வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு அப்படி இருந்தவன் தீனா, என் மனைவி அமுதாவின் தம்பி. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதற்கு முன்னால் அவன் தண்ணீர் லாரியில் கிளீனர். லாரியைச் சந்துக்குள் பின்பக்கமாகக் கொண்டுவர அவன் கதவைத் தட்டித் தட்டிக் குரல் கொடுக்கிற அழகே தனி. "ரைட்டு" என்றால் மெதுவாக வா. "ரைட்டு ரைட்டு" என்றால் இடம் கிடக்கிறது, தாராளமாக வா. "ஓல்டான்" என்றால் நில். சென்னையில் பஸ்ஸில் போன எல்லாருக்கும் தெரிந்த பாஷைதான். சைட்டுக்கு வந்தும் அதையே பேசினான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

வேலையில் சேர்ந்தபோது பாதுகாப்பு வகுப்பு ஒன்று வைத்தார்கள். சிக்னல் கொடுக்கிறவன் ஆபரேட்டர் கண்ணுக்கு எதிரே நிற்க வேண்டும், வாயால் சொல்லக் கூடாது, கையால் காட்ட வேண்டும், அவன் கண்ணில் படவில்லை என்றால் அந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும் என்றார்கள். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் நில், விரல்களை மடக்கி அழைத்தால் வா. பிறகு எங்களையும் செய்து காட்டச் சொன்னார்கள். தீனா நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் வகுப்பே சிரித்தது. "இன்னா மாமா, டான்ஸ் கிளாஸா இது?" என்று அவனும் சிரித்தான். அதோடு அந்தக் கை பாஷையை மறந்தோம்.

விபத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. காலையில் ஷட்டரிங் பிளேட்டுகளைக் கிரேன் இருக்கிற பக்கம் கொண்டுபோகச் சொன்னார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு அடைப்பாக வைக்கிற இரும்புத் தகடுகள் அவை. இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டியதை ஒரே நடையாக அடுக்கினேன். அடுக்கு என் கண் உயரத்துக்கு வந்துவிட்டது. முன்னால் தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது விதி. திருப்ப இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண் மேடு இடிக்காமல் இருக்கச் சுமையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். சுமை உயர உயர வண்டி சாய்வதற்குத் தயாராகிறது என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. சீட் பெல்ட்டை என் முதுகுக்குப் பின்னாலேயே மாட்டி வைத்திருந்தேன். மாட்டாவிட்டால் வண்டி கூவிக்கொண்டே இருக்கும், மாட்டினால் ஏறி இறங்கத் தொந்தரவு. அதனால் பெல்ட்டும் மாட்டியிருந்தது, நானும் பெல்ட்டுக்குள் இல்லை. எங்களில் பலபேர் செய்கிற கெட்டிக்காரத்தனம் இது.

பாதி வழியில், தகடுகளுக்கு அந்தப் பக்கமிருந்து தீனாவின் குரல் கேட்டது. "ரைட்டு! ரைட்டு!"

இடம் கிடக்கிறது, தாராளமாக வா. அப்படித்தான் கேட்டது எனக்கு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வலதுபக்க முன்சக்கரம் மூடின பள்ளத்தின் விளிம்பில் இறங்கியது. வண்டி சட்டென்று கவிழவில்லை. யோசித்துப் பார்க்க நேரம் இருப்பதுபோல மெதுவாகத்தான் சாய்ந்தது. அந்த மெதுவில்தான் ஏமாந்தேன். கவிழ்கிற வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கால்களை ஊன்றி எதிர்ப்பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உடம்புக்கு அந்த வகுப்பெல்லாம் ஞாபகம் இல்லை. வண்டி சாய்ந்த பக்கமாகவே குதித்தேன். தலைக்கு மேல் ஆபரேட்டரைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் இரும்புக் கூடு இருக்கிறது. அதன் தூண் என் வலது காலின் மேல் வந்து உட்கார்ந்தது.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரைச் சுற்றி சைட் என்ஜினியர், மேஸ்திரி, தகவல் கேட்டு ஓடிவந்த அமுதா, என் ரத்தம் சட்டையெல்லாம் ஆன தீனா. டியூட்டி டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் தீனாவைக் கையால் காட்டினேன்.

"இவன்தான் சார் ரைட்டு ரைட்டுன்னான். நம்பி வந்தேன்."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. என்ஜினியர் தீனாவை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அமுதா எல்லார் முன்னாலும் அவனைப் பளாரென்று அறைந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு காலு உன் வாயால போச்சேடா, பாவி!"

தீனா வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்து, தப்பு செய்தவன் என்ன பேசுவான் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலைப் பற்றி டாக்டர் பொறுமையாக விளக்கினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் நொறுங்கித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. மண்ணும் சேறும் உள்ளே போய்விட்டன. அதைவிட ஆபத்து, நசுங்கின தசை வீங்குவது. தசையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம். வீங்கின தசைக்கு அந்த உறைக்குள் இடம் போதாமல், ரத்தக்குழாயையே நெரித்துவிடுமாம். அதனால் காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தே வைத்தார்கள். எலும்பு அசையாமல் இருக்க வெளியிலிருந்து கம்பிகளைக் குத்தி ஒரு சட்டத்தில் பூட்டினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டின மாதிரி இருந்தது என் கால். "கால் நிக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "ரத்தம் ஓடுற வரைக்கும் நம்பிக்கை இருக்கு" என்றார்.

ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். பாதத்தின் மேல் வைத்தால் உஷ், உஷ் என்று சத்தம் வரும். டாப்ளர் என்று பெயர். தினமும் காலையில் டாக்டர்கள் கும்பலாக வந்து அதை வைப்பார்கள். அந்தச் சத்தம் வரும்வரைக்கும் என் மூச்சு நின்றிருக்கும். வந்ததும் அமுதா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பக்கத்துப் படுக்கையில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட ஒரு மீன் வியாபாரி இருந்தார். "இன்னாபா, ஸ்டேஷன் கெடைச்சுதா?" என்று அங்கிருந்தே கேட்பார். ரேடியோ மாதிரிதான் இருக்கும் அந்தச் சத்தம். அவர் கேட்டால் எனக்கும் சிரிப்பு வரும்.

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து அமுதா இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பஸ்ஸில் கொட்டாமல் இருக்க ரசத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பாட்டிலைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவாள். சூடு அவள் மடியில்தான் மிச்சம் இருக்கும். ஆஸ்பத்திரியில் பில் கிடையாது என்றாலும் வெளியே வாங்கச் சொல்கிற மருந்துக்கும் போக்குவரத்துக்கும் அவள் காதுத் தோடு போனது. நான் கேட்டதற்கு, "காது வலிக்குது, அதான் கய்ட்டி வெச்சிட்டேன்" என்றாள்.

தீனா வராண்டாவிலேயே கிடந்தான். அமுதா வார்டுக்குள் வந்தால் எழுந்து வெளியே போவான், அவள் கிளம்பினால் உள்ளே வருவான். அவள் அவனோடு பேசுவதில்லை. எனக்கு மலம் ஜலம் எடுத்தது, தலை துடைத்தது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளியது எல்லாம் அவன்தான். இதையெல்லாம் என் வீட்டுக்காரி தம்பி எனக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறான் என்கிற தோரணையில் நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் படுக்கை விரிப்பு மாற்றினார்கள். "மாமா, சோத்தாங்கை பக்கம் லேசா சாயி" என்றான். நர்ஸ், "ரைட் சைடுல தலகாணி வைங்க" என்றார். "சோத்தாங்கை பக்கம்தானே சிஸ்டர்?" என்று கேட்டு வைத்தான். அப்போதுதான் கவனித்தேன். சில நாளாகவே அவன் வாயில் ரைட்டு என்கிற வார்த்தை வருவதில்லை. சரி என்பதற்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டினான். மூச்சுக்கு ஒரு ரைட்டு சொன்னவன்.

"இன்னாடா, எதுக்கெடுத்தாலும் சோத்தாங்கை, சோத்தாங்கைன்ற?"

"அந்த வார்த்தைய சொன்னா வாய் கூசுது மாமா."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "டயரு எறங்கறது உன் கண்ணுக்குத் தெரியலையாடா? இன்னாத்துக்கு வா வான்னு கூப்ட்ட?"

அவன் தலையணையைச் சரி செய்துகொண்டே சொன்னான். "தெரிஞ்சுதான் மாமா கத்தினேன். ரைட்டு பாரு, ரைட்டு பாருன்னு. மண்ணு சோத்தாங்கை பக்கம் எறங்கினு இருந்துச்சு."

"பாருன்னது எனக்கு கேக்கலையே."

"தெரியும் மாமா. இஞ்சின் சத்தம். நீ மிதிச்சப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டா அன்னிக்கு வாய தொறக்கல? அக்கா அறஞ்சாளே!"

"நீ கீற நெலமையில உன்கிட்ட வாதாடச் சொல்றியா? நான் பேசினா காலு ஒட்டிக்கப் போவுதா?"

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாஷை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாஷையில் வா என்பதற்கும் வலதுபக்கம் ஆபத்து என்பதற்கும் ஒரே வார்த்தை என்பது அத்தனை நாளும் எங்களுக்கு உறைக்கவில்லை.

இதை அன்றைக்குச் சாயங்காலமே அமுதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வலி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்லலாம்தான். உண்மை அதுவல்ல. குற்றம் அவன்மேல் இருந்தவரை, ஏன் அத்தனை உயரம் அடுக்கினாய், பெல்ட் ஏன் போடவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தீனா வராண்டாவில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தான்.

கால் என் சௌகரியத்துக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போன சேறு வேலையைக் காட்டியது. செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ய மறுபடி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குளிர் ஜுரம் வந்து கட்டிலே ஆடியது. கட்டைப் பிரிக்கும்போது வருகிற வாடையை மறைக்க அமுதா விபூதியைத் தூவிப் பார்த்தாள். விரல்கள் கறுத்தன. ஒருநாள் காலையில் டாப்ளரை வைத்தார்கள். இங்கே வைத்தார்கள், அங்கே வைத்தார்கள். சத்தம் வரவில்லை. மீன் வியாபாரி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசினால் கெட்ட செய்தி என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் முழங்காலைக் காப்பாற்றலாம், செயற்கைக் கால் மாட்டி நடக்கலாம். தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து. அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அந்தக் காலால் எத்தனை வருஷம் பிரேக் மிதித்திருக்கிறேன். மிதிக்க வேண்டிய அந்த ஒரு தடவை மிதிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் கையில் ஒரு தடித்த பேனாவோடு வந்தார். அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காகத் தீனா கதவோரம் நின்றான்.

"எந்தக் கால்ல ஆபரேஷன்? நீங்களே சொல்லுங்க."

ஒரு காலில் கம்பிச் சாரம், கறுத்த விரல்கள். இன்னொரு கால் சும்மா கிடக்கிறது. "இதுல இன்னா டாக்டர் சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல. தெரிஞ்ச விஷயம்னாலும் கேட்டுத்தான் ஆகணும். நோயாளி வாயால சொன்ன பிறகுதான் குறி போடுவோம். அதுதான் முறை."

இப்படி ஒரு முறையைத்தானே நாங்கள் டான்ஸ் கிளாஸ் என்று சிரித்தோம். "ரைட்டு" என்றேன்.

அவர் தொடையில் அம்புக்குறி போட்டார். பேனாவை மூடினார். "ரைட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். இப்ப நீங்க சொன்னது எந்த ரைட்டு?"

அவருக்குப் புரியவில்லை. "சரி, போலாம்னு சொன்னேன். ஏன்?"

"நான் சொன்னது?"

"ரைட் லெக். வலது கால்."

நான் அமுதாவைப் பார்த்தேன். "கேட்டுக்கினியா? ஒரே வார்த்தை. அன்னிக்கு அவன் சொன்னது சோத்தாங்கை பக்கம் பாருன்னு. நான் போலாம்னு எடுத்துக்கினேன். அவன் என்னக் காப்பாத்தத்தான் கத்தினான் அமுதா. அடுக்கினது நானு, பெல்ட்டு போடாதது நானு, குதிச்சது நானு. இது எனக்குத் தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லாம படுத்துக்கினு இருந்தேன்."

அமுதா என்னைப் பார்த்த பார்வை கத்தியைவிடக் கூர்மையாக இருந்தது. "எவ்ளோ நாளா தெரியும் உனுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவள் என் கையை விட்டுவிட்டுக் கதவோரம் போனாள். தீனாவின் கன்னத்தில், அன்றைக்கு அறைந்த அதே பக்கம், உள்ளங்கையை வைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவனும் இன்னொருவருமாகத்தான் என்னைத் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

என்ஜினியருக்கும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தீனாவை மறுபடி வரச் சொன்னார்கள். அவன் போகவில்லை. இப்போது கேன் தண்ணீர் போடுகிறான். யாருக்கும் குரல் கொடுக்க வேண்டாத வேலை அது. என் காலைவிட அந்தக் குரல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லாத பாதம் சில நாள் அரிக்கும், எரியும். மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை என்று டாக்டர் சொன்னார். சொறிவதற்குக் குனிந்து, வெறும் விரிப்பைத் தடவிவிட்டு நிமிர்வேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் வாக்கர் கொடுத்து வராண்டாவில் நடக்கச் சொன்னார்கள். அமுதா பக்கத்தில் வந்தாள். தீனா எனக்கு எதிரே, என் கண்ணுக்கு நேராக, பின்பக்கமாக நடந்தான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி என்னை அழைத்தான். அந்தப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, ஒன்றுகூட மறக்காமல். நான் வாக்கரை நகர்த்தி வைத்து ஒற்றைக்காலை எடுத்து வைத்தேன். மறுபடி நகர்த்தினேன்.

வராண்டா நடுவில் யாரோ கஞ்சியைக் கொட்டியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. தீனா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான்.

நின்றேன். அன்றைக்கும் இந்தக் கை தெரிந்திருந்தால் நின்றிருப்பேன்.